வெண்பனிக்குத் தவம் கிடந்தவர்கள்

நம்மைப் போன்ற வெயில் நாட்டுக்காரர்களுக்குப் பனி என்றால் எல்லாம் ஒரே பனிதான். மார்கழி விடியற்காலையில் புல் நுனியில் நிற்பதும் பனி. தை மாதத்தில் தரையைத் துளைப்பதும் பனி. இமயமலை உச்சியை மூடிக் கிடப்பதும் பனி. ஆங்கிலேயர்களுக்கு அப்படியல்ல. வானத்திலிருந்து பஞ்சுபோல் மிதந்து இறங்கித் தரையில் படிவது ஒன்று. வானம் தெளிந்திருக்கும் இரவில் தரையிலேயே உறைந்து நிற்பது வேறொன்று. இரண்டுக்கும் அவர்கள் மொழியில் தனித்தனிப் பெயர். முதலாவதை வெண்பனி என்றும் இரண்டாவதை உறைபனி என்றும் நாம் வைத்துக்கொள்வோம். பெயரளவில் வித்தியாசம் சிறியதுதான். ஆனால் அந்தச் சிறிய வித்தியாசத்துக்குள் ஒரு கூட்டத்தாரின் வாழ்நாள் ஏக்கமே அடங்கியிருக்கிறது.

வானிலைப் பித்தர்கள் என்று அவர்களைச் சொல்லலாம். தோட்டத்தில் உஷ்ணமானியைத் தொங்கவிட்டு, கூடத்துச் சுவரில் காற்றழுத்தமானியை மாட்டி, காலையும் மாலையும் நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைப்பவர்கள். யாரும் அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பதில்லை. கடுங்குளிர் வந்துவிட்டால் அவர்களுக்குத் தூக்கம் போய்விடும். தெருவிளக்கின் வெளிச்சத்தில் ஏதாவது மிதந்து வருகிறதா என்று ஜன்னல் திரையை விலக்கி விலக்கிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் ஒன்றும் வராது. இந்த ஆசைக்கும் ஏமாற்றத்துக்கும் இங்கிலாந்தில் இருநூற்றைம்பது வருஷத்துச் சரித்திரம் உண்டு.

இந்தக் கூட்டத்துக்கு ஒரு மூலபுருஷரைச் சொல்ல வேண்டுமானால், செல்போர்ன் கிராமத்துப் பாதிரியார் கில்பர்ட் ஒயிட்டைத்தான் சொல்ல வேண்டும். பறவை, பூச்சி, ஆமை, மழை என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுதிவைத்தவர் அவர். 1776 ஜனவரியில் அவருடைய ஊரில் வெண்பனி கொட்டிற்று. கதவுகளுக்கு மேலாகக் குவிந்து, பள்ளமான பாதைகளை எல்லாம் நிரப்பிவிட்டது. அந்த மாதம் 31-ஆம் தேதி சூரியோதயத்துக்குச் சற்று முன் பாதரசம் பாரன்ஹீட் அளவில் சரியாகப் பூஜ்யத்தில் நின்றது. அதாவது நீர் உறையும் நிலைக்கும் 32 டிகிரி கீழே. இடையில் லண்டனுக்குப் போன ஒயிட், அந்த மாநகரத்தில் வண்டிச் சக்கரத்தின் ஓசையும் குதிரைக் குளம்பின் ஓசையும் கேட்காமல் போயிருந்ததைக் கவனித்து எழுதினார்.

ஆனால் 1784 டிசம்பரில் நடந்ததுதான் பித்தர்களின் உள்ளத்தைப் படம் பிடித்துக் காட்டுவது. மறுபடியும் கடுங்குளிர். ஒயிட்டிடம் இரண்டு உஷ்ணமானிகள் இருந்தன. ஒன்று பூஜ்யத்துக்கும் கீழே ஒரு டிகிரியைக் காட்டிற்று. மற்றதில் பூஜ்யத்துக்கு மேலே நான்கு டிகிரி வரைதான் கோடு போட்டிருந்தது. பாதரசம் அதற்கும் கீழே இறங்கி, குமிழைச் சுற்றியிருந்த பித்தளைக் கூட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டது. வருஷக்கணக்கில் காத்திருந்த நாள் வந்தபோது கருவி கைவிட்டுவிட்டது!

இன்னொரு சங்கதியும் உண்டு. இருநூறு முந்நூறு அடி உயரத்திலிருந்த பக்கத்து ஊரான நியூட்டனிலும் அதே இரவில் உஷ்ணம் அளந்தார்கள். மேலே போகப் போகக் குளிர் அதிகமாக இருக்கவேண்டும் என்பதுதானே நியாயம்? அங்கே 18 டிகிரி குளிர் குறைவாக இருந்தது. யாருடைய கருவியோ பழுது என்று சந்தேகம் எழுந்தது. இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒரே அளவைத்தான் காட்டின. கனமான குளிர்க்காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும் என்பது இப்போது பள்ளிக்கூடத்துப் பாடம். அன்று அதை இரு வீட்டுக்காரர்கள் தங்கள் கருவிகளை ஒப்பிட்டுக் கண்டுகொண்டார்கள்.

சரி, குளிர் நாடுதானே இங்கிலாந்து. வெண்பனிக்கு ஏன் இத்தனை பஞ்சம்? காரணம் கடல். நாற்புறமும் சூழ்ந்த கடல் அந்தத் தீவை மாரிக்காலத்தில் முழுக்க உறையவிடாது. மேற்கே அட்லாண்டிக் சமுத்திரத்திலிருந்து வரும் காற்றில் ஈரம் உண்டு. ஆனால் இளஞ்சூடும் கூடவே வரும். கிழக்கே ருஷ்யாப் பக்கமிருந்து வரும் காற்றில் குளிர் உண்டு. ஆனால் ஈரம் போதாது. குளிர் இருந்தால் மேகம் இல்லை. மேகம் வந்தால் குளிர் இல்லை. இரண்டும் சரியான இடத்தில், சரியான நேரத்தில் கைகோத்தால்தான் வெண்பனி. தரைக்கு அருகே உஷ்ணம் 2 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் வெண்பனி விழலாம். கொஞ்சம் கூடினால் அது வெறும் மழை. பித்தர்கள் தவிப்பதெல்லாம் அந்த ஒன்றிரண்டு டிகிரிக்காகத்தான். பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு ஜாதகத்தில் ஒரு கட்டம் சரியில்லை என்று எழுந்துபோவது போல.

இந்த ஏக்கம் பொது ஜனங்களுக்கும் தொற்றிக்கொள்வது கிறிஸ்துமஸ் சமயத்தில். அன்றைக்கு ஊரெல்லாம் வெள்ளையாக இருக்கவேண்டும் என்ற ஆசைக்குச் சார்லஸ் டிக்கன்ஸும் பொறுப்பாளி என்பார்கள். அவர் பிறந்தது 1812-இல். இங்கிலாந்தில் நூறு வருஷத்துக்கு மேலாகக் காணாத குளிர்ந்த பத்தாண்டு அது. அவருக்கு இரண்டு வயது நிறையும் வாரத்தில்தான் லண்டனில் தேம்ஸ் நதி உறைந்து, அதன் மேல் கடை போட்டு ஜனங்கள் திருவிழாக் கொண்டாடினார்கள். அதுதான் அந்த நதியின் மேல் நடந்த கடைசித் திருவிழா. குழந்தைப் பருவத்தின் குளிர் நினைவில் தங்கிவிட்டது போலும். 1843-இல் வெளியான அவருடைய கிறிஸ்துமஸ் கதையைப் படித்த தலைமுறைகள், வெண்பனி இல்லாத பண்டிகையைப் பாயசம் இல்லாத விருந்தாக நினைக்கத் தொடங்கின.

இதில் பஞ்சாங்கமும் சதி செய்திருக்கிறது. 1752-இல் இங்கிலாந்து புதிய காலண்டருக்கு மாறியபோது செப்டம்பர் 2-ஆம் தேதிக்கு மறுநாள் 14-ஆம் தேதி ஆயிற்று. பதினொரு நாள் மறைந்தது. பண்டிகையும் அந்த அளவுக்கு முன்னால் தள்ளிப்போயிற்று. அங்கே வெண்பனி அதிகம் விழுவது ஜனவரியிலும் பிப்ரவரியிலும். டிசம்பரைவிட மார்ச்சில்கூட வாய்ப்பு கூடுதல். ஆசைக்கு ஒரு நாள், வானத்துக்கு வேறொரு நாள்!

ஆசை இருக்கும் இடத்தில் பந்தயம் வராமல் இருக்குமா? கிறிஸ்துமஸ் அன்று வெண்பனி விழுமா விழாதா என்று பணம் கட்டுகிறார்கள். எது வெண்பனிக் கிறிஸ்துமஸ் என்று தீர்ப்புச் சொல்ல வானிலை இலாகா ஒரு விதி வைத்திருக்கிறது. டிசம்பர் 25-ஆம் தேதியின் 24 மணி நேரத்துக்குள், நாட்டில் எங்காவது ஒரே ஒரு துகள் விழுவதைப் பார்த்தால் போதும். முன்பெல்லாம் இந்தத் தீர்ப்புக்கு லண்டன் வானிலை அலுவலகம் ஒன்றையே நம்பியிருந்தார்கள். விதிப்படி பார்த்தால் பாதிக்கு மேற்பட்ட வருஷங்களில் வெண்பனிக் கிறிஸ்துமஸ்தான். கண்ணால் பார்த்தால் வேறு கதை. 1960-க்குப் பிறகு, வானிலை நிலையங்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் தரையில் வெண்பனியைக் கண்ட கிறிஸ்துமஸ் நாட்கள் 1981, 1995, 2009, 2010 ஆகிய வருஷங்களில் வந்தவைதான். 2010-இல் மட்டும் நூற்றுக்கு 83 நிலையங்களில் தரை வெளுத்துக் கிடந்தது.

பித்தர்களை ஒன்று சேர்த்து ஒரு படையாக்கியவர் ஜார்ஜ் ஜேம்ஸ் சைமன்ஸ். 1860-இல் 168 இடங்களின் மழைக் கணக்கோடு தொடங்கினார். 1900-இல் அவர் இறக்கும்போது அந்த எண்ணிக்கை மூவாயிரத்தைத் தாண்டியிருந்தது. பாதிரிமார், வைத்தியர்கள், வீட்டுப் பெண்மணிகள் என்று பலதரப்பட்டவர்கள் தினம் மழைமானியைப் பார்த்து எழுதி அனுப்பினார்கள். அவர்களுக்கு ஒரு சோதனை உண்டு. வெண்பனி விழுந்தால் அதை உருக்கித் தண்ணீராக்கித்தான் அளக்கவேண்டும். ஒரு அடி வெண்பனி உருகினால் சுமார் ஒரு அங்குலம் தண்ணீர். இரவெல்லாம் கண்விழித்துப் பார்த்த அதிசயம் காலையில் கணக்குப் புத்தகத்தில் ஏறும்போது ஒரு தூறலின் அளவுக்குச் சுருங்கிப்போகும்.

இப்படி ஏங்கியவர்களுக்கு வானம் ஒரு தடவை வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்தது. அது 1947. ஜனவரி நடுவில் இதமான காற்று வீசி, உஷ்ணம் 14 டிகிரி செல்சியஸ் வரை ஏறியிருந்தது. இந்த வருஷமும் போயிற்று என்று பலர் நினைத்திருப்பார்கள். ஒரு வாரத்துக்குள் கிழக்குக் காற்று திரும்பிற்று. ஜனவரி 22 முதல் மார்ச் 17 வரை, 55 நாட்கள், நாட்டின் ஏதாவது ஒரு பகுதியில் தினமும் வெண்பனி விழுந்தது.

கேட்ட வரம் கிடைத்தது. விலையை யார் கொடுத்தார்கள்? யுத்தம் முடிந்து இரண்டு வருஷம்கூட ஆகாத தேசம். ரொட்டிக்கும் பங்கீடு. நிலக்கரிச் சுரங்கங்கள் அந்த ஜனவரி முதல் தேதிதான் சர்க்காரின் கைக்கு வந்திருந்தன. கரி ஏற்றிய ரயில்கள் வெண்பனியில் புதைந்தன. பிப்ரவரியில் பெரும் பகுதிகளில் ஆலைகளுக்கு மின்சாரத்தை நிறுத்தினார்கள்; வீடுகளுக்குப் பகலில் ஐந்து மணி நேரம் வெட்டு. நாற்பது லட்சம் பேருக்குக் குறையாமல் வேலை இல்லாமல் நின்றார்கள். வாரப் பத்திரிகைகளை இரண்டு வாரம் வெளியிடக்கூடாது என்று உத்தரவு வந்தது. மலைப் பக்கத்து இடையர்கள் நீண்ட கம்பால் குத்திக் குத்தி, புதைந்துபோன ஆடுகளைத் தேடினார்கள். நாட்டின் ஆடுகளில் ஏறக்குறைய கால் பங்கு மடிந்தது. கியூ வானிலை ஆய்வுக்கூடத்தில் பிப்ரவரி 2 முதல் 22 வரை சூரியன் தென்படவே இல்லை. சூரியன் அஸ்தமிக்காத சாம்ராஜ்யம் என்று பெயர் வாங்கியவர்களின் தலைநகரில் மூன்று வாரம் சூரியனையே காணோம்!

அந்தச் சூரியனற்ற நாட்களில் ஒன்றைத்தான் நம் நாட்டுச் சரித்திரமும் குறித்து வைத்திருக்கிறது. பிப்ரவரி 20-ஆம் தேதி பிரதம மந்திரி அட்லி பார்லிமெண்டில் எழுந்து, 1948 ஜூனுக்குள் இந்தியாவின் ஆட்சிப் பொறுப்பை இந்தியர்களிடம் ஒப்படைத்துவிடுவோம் என்று அறிவித்தார். வெண்பனியால்தான் நமக்குச் சுதந்திரம் வந்தது என்று சொன்னால் அது பைத்தியக்காரத்தனம். தலைமுறை தலைமுறையாகச் சிறை சென்றவர்களை மறப்பதாகும். ஆனாலும் தன் வீட்டு அடுப்புக்கே கரி இல்லாத ஒருவன் கடல் கடந்த தேசங்களை எவ்வளவு காலம் கட்டி ஆளமுடியும் என்ற கேள்வி, அந்தக் குளிரில் இங்கிலாந்தில் பலர் கண்ணுக்குப் பட்டிருக்கவேண்டும். மார்ச் நடுவில் வெண்பனி உருகியபோது வெள்ளம் வந்து மிச்சம் மீதியையும் பார்த்துக்கொண்டது.

பதினைந்து வருஷம் கழித்து வானம் இன்னொரு விளையாட்டு விளையாடிற்று. 1962 கிறிஸ்துமஸ் அன்று ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரம், 1938-க்குப் பிறகு முதல் தடவையாக, வெண்பனிக் கிறிஸ்துமஸைக் கண்டது. அந்தப் பனிமேகம் தெற்கே நகர்ந்து இங்கிலாந்தின் தென்பகுதிக்கு வந்து சேர்ந்தது 26-ஆம் தேதி. ஒரே ஒரு நாள் தாமதம்! வந்த விருந்தாளியோ மார்ச் வரை போகவில்லை. கென்ட் கரையில் ஹெர்ன் பே அருகே ஒரு மைல் தூரத்துக்குக் கடல் உறைந்தது. கால்பந்துக் கோப்பைப் போட்டியின் மூன்றாவது சுற்று மட்டும் 66 நாட்கள் இழுத்தது. ஆட்டங்கள் நடக்காததால், நடந்திருந்தால் யார் ஜெயித்திருப்பார்கள் என்று தீர்ப்புச் சொல்ல ஒரு குழுவையே நியமித்தார்கள். பந்தயக்காரர்களுக்கு ஏதாவது ஒரு முடிவு வேண்டுமே!

அந்தக் குளிர், சரித்திரத்தில் எத்தனையாவது பெருங்குளிர் என்று இன்று நாம் திட்டமாகச் சொல்லமுடிகிறது. 1683-84, 1739-40 ஆகிய இரண்டுக்கும் அடுத்தபடி மூன்றாவது. இப்படிச் சொல்ல வழி செய்தவர் கார்டன் மேன்லி என்ற பேராசிரியர். அவரும் அசல் பித்தர்தான். 1930-களில் பென்னைன் மலையில் 2,700 அடிக்கு மேல் ஒரு குடிசை போட்டு, காற்றையும் குளிரையும் அளந்துகொண்டிருந்தவர். அவர் செய்த பெரிய காரியம் வேறு. பழைய பாதிரிமாரும் வைத்தியர்களும் கனவான்களும் எழுதிவைத்த நாட்குறிப்புகளைத் தேடித் தேடிப் படித்தார். அந்தக் காலத்தில் சிலர் உஷ்ணமானியைக் கணப்பு இல்லாத அறைக்குள் மாட்டியிருந்தார்கள்; அளந்த நேரமும் இடமும் ஆளுக்கு ஆள் மாறின. ஒவ்வொன்றையும் சீர்தூக்கித் திருத்தி, மத்திய இங்கிலாந்தின் மாத உஷ்ணத்தை வரிசைப்படுத்தி 1953-இல் வெளியிட்டார். 1974-இல் அந்த வரிசையை 1659 வரை பின்னுக்குக் கொண்டுபோனார். கருவியால் அளந்த மாத உஷ்ணக் கணக்குகளில் உலகத்திலேயே நீளமானது அதுதான்.

வெண்பனி விழுந்த நாட்களை மட்டும் அந்த மனிதர்கள் எழுதியிருந்தால் மேன்லியால் ஒன்றும் செய்திருக்க முடியாது. அது வெறும் அதிசயப் பட்டியலாக இருந்திருக்கும். ஆசைப்பட்டது நடக்காத நாளிலும், மேகம் வந்து ஏமாற்றிவிட்டு மழையாய்ப் போன நாளிலும், சலிப்போடாவது எழுந்து போய் உஷ்ணத்தைப் பார்த்து எழுதினார்களே, அதனால்தான் சங்கிலி அறவில்லை. ஏமாற்றத்தின் கணக்குதான் சாஸ்திரம் ஆயிற்று.

அந்தச் சங்கிலியின் நுனியில் இப்போது ஒரு கசப்பான செய்தி தொங்குகிறது. 2010 டிசம்பர் 1890-க்குப் பிறகு வந்த டிசம்பர்களில் மிகக் குளிர்ந்தது. ஆனால் அத்தகைய மாதங்கள் அரிதாகிவருகின்றன. 2022-இல் பிரிட்டன் முழுவதன் ஆண்டுச் சராசரி உஷ்ணம் முதல் தடவையாக 10 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. பித்தர்கள் காத்திருந்த அந்த ஒன்றிரண்டு டிகிரியை மனிதனின் புகைபோக்கிகளே தின்றுகொண்டிருக்கின்றன. ஏமாற்றம் இனிமேல் தற்செயல் அல்ல என்று முதலில் அறிந்துகொண்டவர்களில் அவர்களும் இருந்தார்கள். அவர்கள் நோட்டுப் புத்தகத்தில் அது இருந்தது.

1947-இல் ஆட்டைத் தேடிய இடையனுக்கு இந்தச் செய்தி ஆறுதலாகவே இருந்திருக்கும்; அவனைக் குறை சொல்ல முடியாது. ஜன்னலோரத்தில் நின்றவர்களையும் பரிகாசம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. வராத ஒன்றுக்காகக் காத்திருப்பது எல்லோரும் செய்வதுதான். வரவில்லை என்பதைத் தேதி போட்டு, அளவு போட்டு, உள்ளபடி எழுதிவைக்கும் நேர்மை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.