கூட்டைச் சுற்றி நின்ற கேமரா

சிறு பறவைகளைப் படமெடுத்த தொடக்ககால வரலாறு பெரும்பாலும் கூடுகளின் வரலாறாகவே இருக்கிறது. குருவி வேகமானது, அன்றைய கேமரா மெதுவானது, அதனால்தான் கூட்டைத் தேடிப் போனார்கள் என்று காரணம் சொல்வதுண்டு. அது பாதிக் காரணம்தான். 1882இலேயே பிரான்சின் எத்தியேன் ஜூல் மரே துப்பாக்கி வடிவில் ஒரு கேமரா செய்து, நொடிக்கு 12 படங்களாக, ஒவ்வொன்றையும் நொடியில் 720இல் ஒரு பங்கு நேரத்தில் எடுத்து, பறக்கும் பறவைகளைப் பதிவுசெய்துவிட்டார். கிடைத்தவை வெளிச்சமான வானத்தின் முன் கரிய நிழலுருவங்கள்தான்; ஆனாலும் இறக்கை அசையாமல் நின்றது. புதருக்குள் தாவும் கதிர்க்குருவியிடம் அந்தக் கருவி செல்லாது. அங்கே வெளிச்சம் போதாது. அதைவிட, குருவி அடுத்து எந்தக் கிளையில் உட்காரும் என்று தெரியாது. அன்றைய தகட்டுக் கேமராவில் பின்பக்கத் தேய்த்த கண்ணாடியில் பிம்பத்தைப் பார்த்து ஃபோகஸ் செய்வார்கள். தகட்டைச் செருகியதும் பிம்பம் மறைந்துவிடும். பிறகு பறவைதான் குறித்து வைத்த இடத்துக்கு வந்தாக வேண்டும். அப்படித் திரும்பத் திரும்ப வரும் இடம் கூடு.

யார்க்‌ஷயரின் மலைப் பள்ளத்தாக்கில் வளர்ந்த ரிச்சர்ட், செர்ரி கியர்ட்டன் சகோதரர்கள் 1892இல் ஒரு கூட்டைப் படமெடுத்தார்கள். பிரிட்டனின் பறவைக் கூடுகள் பற்றிய அவர்களது நூல் 1895இல் ஒளிப்படங்களோடு வெளிவந்தது. பாடம் செய்த மாட்டுத் தோலுக்குள் ஒளிந்துகூடப் பறவைகளுக்காகக் காத்திருந்தார்கள். அவர்களை அங்கே இழுத்தது கருவியின் குறையல்ல, கூட்டின் மேலிருந்த ஆர்வமே என்று ஒருவர் மறுக்கலாம். ஆர்வம் உண்மைதான். முட்டைகளைத் திருடிச் சேர்ப்பது பொழுதுபோக்காக இருந்த காலத்தில், முட்டையைத் தொடாமல் படத்தோடு திரும்பலாம் என்று காட்டியது பெரும் நன்மை. ஆனால் கருவி மாறியபோது நடந்ததைப் பாருங்கள். 1930களில் ஹெரால்ட் எட்ஜர்டனின் மின்னணு ஃபிளாஷ் ரீங்காரச்சிட்டின் இறக்கையையே நிறுத்திக் காட்டியது. வேகம் வசப்பட்ட பிறகும், எரிக் ஹாஸ்கிங் போன்ற தேர்ந்த கலைஞர்கள் ஃபிளாஷோடு கூட்டருகேதான் காத்திருந்தார்கள். இடம் இன்னும் வசப்படவில்லை. 1985இல் மினோல்டா தானியங்கி ஃபோகஸை எஸ்எல்ஆர் கேமராவுக்குள் கொண்டுவந்து, நீண்ட லென்ஸும் டிஜிட்டலும் அதோடு சேர்ந்த பின்புதான் கூடு மெல்லப் பின்னுக்குப் போனது.

அந்த நெடுங்காலத்துக்குக் கூடுகள் விலை கொடுத்தன. படம் தெளிவாக வர மறைக்கும் கிளைகளை ஒதுக்கிக் கட்டினார்கள், சிலர் வெட்டினார்கள். காக்கையின் கண்ணும் வெயிலும் குஞ்சுகளை எட்டின. கைதேர்ந்தவர்கள் தாங்கள் ஒளிந்திருக்கும் மறைவிடத்தைச் சில நாட்களாகச் சிறிது சிறிதாக நகர்த்தி, கிளைகளைத் திருப்பி விட்டார்கள் என்பது சரியான பதில்தான், அந்தச் சிலருக்கு மட்டும். அந்தப் பொறுமை இல்லாமல் படத்தை மட்டும் விரும்பியவர்களும் கூட்டருகே போனார்கள். பிரிட்டனின் 1981ஆம் ஆண்டுச் சட்டம், பட்டியலிட்ட அரிய பறவைகளைக் கூட்டருகே படமெடுக்க உரிமம் கேட்கிறது; இன்று பல போட்டிகள் கூட்டுப் படங்களை ஏற்பதில்லை. அறிவுக்கும் இழப்பு உண்டு. குளிர்காலத்தில் தமிழகத்துக்கு வரும் இலைக்கதிர்க்குருவிகள் பெரும்பாலும் இமயத்திலும் அதற்கு வடக்கிலும்தான் கூடு கட்டுகின்றன. கூட்டை நம்பிய கேமராவுக்கு அவற்றின் தென்னிந்திய வாழ்க்கை எட்டாததாகவே இருந்தது. இன்று அந்தத் தடை இல்லை. அப்படியிருந்தும் கைபேசியில் குரலை ஒலிக்கவிட்டு, தன் எல்லைக்குள் எதிரி நுழைந்ததாகப் பறவையை நம்பவைத்து, விரும்பிய கிளைக்கு வரவழைக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. கியர்ட்டன் சகோதரர்களுக்காகச் சொல்லக்கூடிய காரணம் இதற்குப் பொருந்தாது.