வழுக்கலுக்கு ஓர் எண்

வல்லத்துக்காரர்களுக்குச் செஞ்சிக் கோட்டை அடுத்த வீட்டுத் திண்ணை மாதிரி. ராஜகிரியின் கல்படியைக் கண்டதும் வெளியூர்க்காரர் தேசிங்குராஜனை நினைத்துக்கொள்வார். உள்ளூர்க்காரர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். பிடிப்பு என்பது கல்லில் மட்டும் இல்லை, காலில் மட்டும் இல்லை, இரண்டும் சேருமிடத்தில் இருக்கிறது என்பது அவருக்குப் படிக்காமலே தெரியும்.

எட்டு வருஷ முற்றுகைக்குப் பிறகு 1698-ல் மொகலாயத் தளபதி ஜுல்பிகார் கான் அந்தக் கோட்டையைப் பிடித்தான். மறு வருஷம் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தில் அமோந்தோன் என்ற காது கேளாத மனிதர் உராய்வைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். உராய்வு பாரத்தைப் பொறுத்தது; தொடும் பரப்பு பெரிதா சிறிதா என்பதைப் பொறுத்ததல்ல என்றார். சபையோருக்கு நம்பிக்கை வரவில்லை. வேறொருவரை விட்டுச் சோதித்தார்கள். அவர் சொன்னதுதான் சரி என்று ஆயிற்று. பிறகு கூலோம் வந்தார். மின்சாரப் பாடத்தில் நாம் உருப்போட்ட அதே கூலோம்தான். மார்த்தினிக் தீவில் கோட்டை கட்டி உடம்பைக் கெடுத்துக்கொண்ட ராணுவ இஞ்சினீயர். உராய்வு ஆராய்ச்சிக்காக 1781-ல் பரிசு பெற்றார். கோட்டை கட்டியவருக்குக் கல்லின் குணம் தெரியாமலிருக்குமா?

ஆனால் இவர்கள் கவலையெல்லாம் யந்திரங்களைப் பற்றி. நடக்கிறவன் காலை விசாரிக்க மேலும் 160 வருஷம் பிடித்தது. 1940-களில் அமெரிக்க அரசாங்கத்தின் தர நிர்ணய நிலையத்தில் பெர்ஸி சிக்லர் என்பவர் ஒரு கருவி செய்தார். கடிகாரப் பெண்டுலம் போல ஒரு கோல். நுனியில் பூட்ஸின் குதிகால் துண்டு. மேலிருந்து விட்டால் தரையைத் தேய்த்துக்கொண்டு மறுபக்கம் ஏறும். பிடிப்புள்ள தரையானால் கொஞ்சம்தான் ஏறும். வழுக்குத் தரையானால் உல்லாசமாக ஏறிவிடும். குதிகாலை ஏன் வைத்தார்? நடக்கிறவர் சறுக்குவது பெரும்பாலும் குதிகாலின் பின்விளிம்பு தரையைத் தொடுகிற கணத்தில்தான். காய்ந்த தரையில் சமர்த்தாக நிற்கும் ரப்பர்கூட, இடையே மெல்லிய நீர்ப்படலம் புகுந்துவிட்டால் தரையைச் சரியாகத் தொடுவதில்லை.

ஆங்கிலேயர்கள் இந்தக் கருவியைச் சாலைகளுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள். இன்று பிரிட்டனில் தரைக்கு 36-ம் அதற்கு மேலும் வந்தால் அபாயம் குறைவு என்பது கணக்கு. 25-க்குக் கீழே போனால் அபாயம் அதிகம்.

வல்லம் பக்கத்து வீடுகளிலும் முகம் பார்க்கும் டைல்ஸ் வந்துவிட்டது. குளித்துவிட்டு ஈரக்காலோடு வரும் பாட்டி அதில்தான் நடக்கிறாள். அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் பலர் பழையபடி நடமாடுவதில்லை. திண்டிவனத்தில் ஒரு கடையில், "ஈரத்தில் இதற்கு என்ன எண்?" என்று கேட்டேன். கடைக்காரர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சதுர அடி விலைங்களா சார்?" என்றார். பிறகு அவரே உள்ளே போய்ச் சொரசொரப்பான ரகம் ஒன்றை எடுத்துவந்து, தண்ணீர் தெளித்து, குதிகாலால் தேய்த்துக் காட்டினார்.