கம்பியில் பிறந்த கோல்ஃப் மட்டை

பம்பாயின் கிழக்குக் கோடியில் 1927-ஆம் வருஷம் இரண்டு காரியங்கள் நடந்தன. கோவண்டியை ஒட்டிய தேவ்நாரில் நகரத்தின் குப்பையைக் கொட்ட இடம் ஒதுக்கினார்கள். அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, செம்பூரில், பாம்பே பிரசிடென்சி கோல்ஃப் கிளப் ஆரம்பமானது. இரண்டும் இன்றும் அங்கேயே இருக்கின்றன. நடுவில் ஹார்பர் லைன் ரயில் ஓடுகிறது. தண்டவாளத்துக்கு இரு பக்கமும், பி.எல். லோகண்டே மார்க்கிலும் அதைத் தாண்டியும், தமிழ்க் குடும்பங்கள் உட்பட லட்சக்கணக்கானவர்கள் வந்து குடியேறினார்கள். இந்த வட்டாரத்தில் ஒரு கோல்ஃப் மட்டை பிறந்தது. அதற்குக் கம்பெனிப் பேர் கிடையாது, விலைச்சீட்டு கிடையாது.

அதை உருவாக்கியவர்கள் 'கேடி'கள், அதாவது ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமந்துகொண்டு பதினெட்டுக் குழிகளும் கூடவே நடப்பவர்கள். கிளப் சுவரை ஒட்டிய குடிசைப் பகுதியிலிருந்து வரும் இளைஞர்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, கொடிக்கு இன்னும் எத்தனை கஜம் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. எந்த மட்டையை எடுக்கலாம் என்று முதலாளியே அவர்களைத்தான் கேட்பார். விதிப்படி ஒருவர் பதினான்கு மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். பதினான்கையும் ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து அவற்றின் வளைவும் கனமும் அவர்கள் கைக்குப் பழகிவிடும். உறுப்பினர்களைப் போல ஆடுகிற பாத்தியதை மட்டும் அவர்களுக்கு இல்லை.

அதனால் ஆட்டத்தைச் சந்துக்குள் கொண்டுபோனார்கள். கட்டட வேலை நடக்கும் இடத்தில் கிடைக்கும் இரும்புக் கம்பியை ஆள் உயரத்துக்கு ஏற்ப வெட்டி, ஒரு முனையைக் காய்ச்சித் தட்டி வளைத்தால் அது தலை. மறுமுனையில் எதையாவது சுற்றிவிட்டால் அது பிடி. பந்து பிளாஸ்டிக். குழிக்குப் பதிலாகத் தரையில் ஒரு சின்னப் பள்ளம். தகரக் கூரை, துணிக்கொடி, சாக்கடை, நடந்து வரும் ஆட்கள் என்று எல்லாம் ஆட்டத்தில் உண்டு. கூரைக்கு மேலே தூக்கி அடித்து அந்தப் பக்கம் கைப்பிடி அளவு இடத்தில் இறக்கத் தெரிந்தவன்தான் ஜெயிப்பான். போலந்துப் புகைப்படக் கலைஞர் தோமாஷ் குட்ஸோவாட்டி இந்த ஆட்டத்தைப் படத் தொடராகவே எடுத்திருக்கிறார். அவர் படங்களும் செய்தி நிறுவனப் படங்களும் இந்தச் சந்து ஆட்டத்தை வெளிநாடுகளுக்குக் கொண்டுபோயின.

அந்தக் கம்பியைக் கொஞ்சம் கிட்டே வைத்துப் பார்ப்போம். பத்து மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்குச் சுமார் 617 கிராம் இருக்கும். கடையில் வாங்கும் '7 அயர்ன்' என்ற இரும்புத் தலை மட்டை முழுசாகவே 430 கிராம் வாக்கில்தான். அதில் தலை மட்டும் 270 கிராம் போல, ஷாஃப்ட் எனும் தண்டு 100 முதல் 130, மிச்சம் பிடி. ஆகவே கடை மட்டையில் கனமெல்லாம் கீழே, தலையில் குவிந்திருக்கிறது. விரல் மேல் வைத்துச் சமன் பார்த்தால் தலைக்குப் பக்கத்தில்தான் நிற்கும். கம்பியில் கனம் முழு நீளத்துக்கும் ஒரே சீராகப் பரவியிருக்கிறது. தலை எங்கே வருகிறது என்று கைக்குச் சேதி சொல்ல அதில் எதுவும் இல்லை. வளைந்து நிமிர்ந்து உதவி செய்கிற ஷாஃப்டும் இல்லை. தலையும் தண்டும் ஒரே இரும்பு. எல்லாவற்றையும் மணிக்கட்டே செய்தாக வேண்டும். அந்தக் கம்பியால் பிளாஸ்டிக் பந்தை இரண்டு கூரை தாண்டி இறக்குகிறவனை நல்ல ஆட்டக்காரன் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமே கிடையாது.

கிடைத்ததை வைத்துச் செய்தது என்பதால் இதை ஏழைகளின் சமாளிப்பு என்று ஒதுக்கிவிட வேண்டாம். இன்று லட்சம் ரூபாயைத் தாண்டி விற்கும் ஜப்பான் மட்டைகள் பிறந்த விதமும் இதுதான். அங்கேயும் பக்கத்துத் தொழிலின் இரும்பையும் நூலையும் எடுத்துத்தான் செய்தார்கள்.

ஜப்பானின் முதல் கோல்ஃப் கிளப் 1903-இல் கோபே நகருக்கு மேலே ரொக்கோ மலையில் பிறந்தது. தொடங்கியவர் ஆர்தர் குரூம் என்ற ஆங்கிலேய வியாபாரி. மட்டைகள் கப்பலில் வந்தன. 1930 வாக்கில் அதே ஹ்யோகோ மாநிலத்தில், ஹிமேஜி, இச்சிகாவா பக்கத்துக் கொல்லர்கள் அயர்ன் தலையைத் தாங்களே அடித்துப் பார்த்தார்கள். அது கத்திக்கும் அரிவாளுக்கும் தச்சுக் கருவிக்கும் பேர்போன சீமை. உளி அடித்த கைக்குக் கோல்ஃப் தலை அடிப்பது புது வித்தை இல்லை. இரும்பை எவ்வளவு காய்ச்ச வேண்டும், எத்தனை அடியில் நிறுத்த வேண்டும் என்ற ஞானம் தலைமுறையாக இருந்தது. அந்த மண்ணில் வளர்ந்த கட்சுஹிரோ மியூரா ஹிமேஜியில் ஆரம்பித்த மியூரா பட்டறையின் அயர்ன்களுக்கு உலகமெங்கும் காத்திருப்பவர்கள் உண்டு.

அங்கே வழக்கமான இரும்பு S20C, S25C எனப்படும் மென்னெஃகு. எண் கரிமத்தின் அளவைச் சொல்கிறது: 0.20 சதவீதம், 0.25 சதவீதம். உருளைக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி அச்சில் வைத்துச் சம்மட்டி இயந்திரத்தால் அடிப்பார்கள். பிதுங்கிய விளிம்பை வெட்டுவார்கள். மறுபடி காய்ச்சி மறுபடி அடிப்பார்கள். கடைசியில் ஒரு மனிதர் சாணைப் பட்டையின் முன் நின்று, தராசில் வைத்து எடுத்து, மறுபடி தேய்த்து, கிராம் கணக்கைச் சரிசெய்வார். இவ்வளவு இயந்திரம் வந்த பிறகும் அந்தச் சாணைக்காரரின் இடம் போகவில்லை. ஆதியில் அந்தத் தலையும் ஓர் இரும்புக் கம்பிதான் என்பதைச் செம்பூர்க்காரர்கள் கவனிக்க வேண்டும்.

நீகாட்டா மாநிலத்தின் த்சுபாமே ஊர்க் கதை வேறு. அங்கே ஆணி அடித்தார்கள், பிறகு ஸ்பூனும் முள்கரண்டியும் செய்து ஏற்றுமதி செய்தார்கள். சமையலறைச் சாமான் செய்த எண்டோ கம்பெனி கோல்ஃப் தலைக்கு மாறியது. பெரிய பிராண்டுகள் பலவற்றுக்கு அடித்தெடுத்த தலைகளை இந்தக் கம்பெனி செய்து தந்திருக்கிறது.

ஆனாலும் மட்டையின் உயிர் ஷாஃப்டில் இருக்கிறது என்பது என் கட்சி. ஆகவே அதன் பிறப்பைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலில் ஹிக்கரி மரம் இருந்தது. எஃகு ஷாஃப்டை 1929-இல்தான் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் விதிக்குழு ஏற்றுக்கொண்டது. ஜப்பானில் எஃகு ஷாஃப்டுக்குப் பேர் வாங்கித் தந்தது, மோட்டார் வண்டிகளுக்கு ஸ்பிரிங் செய்யும் என்.எச்.கே. நிறுவனத்தின் குடும்பம். அதன் நிப்பான் ஷாஃப்ட் 1999-இல் கொண்டுவந்த 'என்.எஸ். புரோ 950ஜி.எச்.' சுமார் 95 கிராம்தான். அதுவரை கைதேர்ந்தவர்கள் பழகியிருந்த அமெரிக்க 'டைனமிக் கோல்டு' 130 கிராம் வாக்கில். எஃகின் உணர்வு குறையாமல் 35 கிராமைக் குறைத்துக் காட்டியது ஸ்பிரிங் செய்கிறவர்களின் கணக்கு. வளைந்த இரும்பு எப்படித் திரும்பி நிமிரும் என்பதுதானே அவர்கள் பரம்பரைத் தொழில்?

கார்பன் ஷாஃப்டின் வேர் துணிமில்லில் இருக்கிறது. ஒஸாகா அரசு ஆய்வுக்கூடத்தில் அகியோ ஷிண்டோ என்ற விஞ்ஞானி, ஸ்வெட்டருக்கு ஆகும் அக்ரிலிக் நூலைப் படிப்படியாகச் சுட்டுக் கருக்கி, எஃகை விடக் கெட்டியான கார்பன் இழையாக்கும் வழியை 1961 வாக்கில் காட்டினார். 1926-இல் ரேயான் நூல் செய்யப் பிறந்த டோரே நிறுவனம் 1971-இல் அதை வியாபாரத்துக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் ஃபிராங்க் தாமஸ் என்ற பொறியாளர் 1969-இலேயே கிராஃபைட் ஷாஃப்ட் செய்திருந்தார். 1972-இல் ஜப்பானின் தாய்ஹேயோ மாஸ்டர்ஸ் போட்டியில் கே ப்ரூவர் என்ற ஆட்டக்காரர் கறுப்பு ஷாஃப்டோடு வந்து ஜெயித்ததும் அங்கே கிராக்கி கூடியது. விமானத்துக்கும் முன்பாகத் தூண்டிலும் கோல்ஃப் ஷாஃப்டும்தான் அந்த இழைக்குச் சோறு போட்டன.

செய்முறையும் துணிக்கடை வேலை மாதிரியே இருக்கும். பிசினில் தோய்ந்த கார்பன் தாளை முக்கோணமும் பட்டையுமாகக் கத்தரிக்கிறார்கள். எஃகுக் கோலின் மேல் அவற்றைச் சுருட்டுகிறார்கள். நூல் நீளவாட்டில் ஓடும் தாள் வளையாமல் தாங்கும், 45 பாகைச் சாய்வில் ஓடும் தாள் முறுகாமல் தாங்கும். எந்தத் தாள் எந்த இடத்தில் எத்தனை சுற்று என்பதுதான் ரகசியம். மேலே நாடா இறுக்கிச் சுற்றி, அடுப்பில் வேகவைத்து, கோலை உருவிவிட்டுத் தேய்த்தால் ஷாஃப்ட். ஃபுஜிகுரா ரப்பர் தொழிலிலிருந்து வந்தது. மிட்சுபிஷியின் ஷாஃப்ட் பிரிவு ரேயானிலிருந்து வந்தது.

இப்போது கைதேர்ந்த ஒருவர் ஜப்பான் மட்டை வாங்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மிசுனோ புரோ வரிசையில் 241, 243, 245 என்ற மூன்றை எடுத்துக்கொள்வோம். 241 முழுக்க மென்னெஃகில் அடித்த மெல்லிய தலை, அதன் 7 அயர்னின் முகச் சாய்வு 34 பாகை. 243-இல் நீண்ட மட்டைகள் வலுவான குரோம்-மாலிப்டினம் எஃகு, குட்டை மட்டைகள் மென்னெஃகு. 7 அயர்ன் 32 பாகை. 245 உள்ளே பொள்ளல், 30 பாகை. "245 அதிக தூரம் போகுது" என்பார்கள். 30 பாகை என்றால் அது 241-இன் 6 அயர்ன்தான்! தலையில் பொறித்த எண்ணை நம்பித் தூரத்தை ஒப்பிடுவது வீண். ஸ்ரிக்ஸன் ZXi7-உம் 32 பாகை, அதைவிட மென்மையான S15C எஃகு. பந்தை இடமும் வலமும் வளைத்து ஆடுகிறவருக்கு 241 பிடிக்கும். வாரம் ஒருமுறை ஆடும் நல்ல ஆட்டக்காரருக்கு 243 அல்லது ZXi7 போதும், அதற்கு மேல் காசைக் கொட்ட அவசியம் இல்லை.

ஷாஃப்டில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஜப்பான் உள்நாட்டு மட்டையில் இறுக்கத்தைக் குறிக்க 'S' என்று போட்டிருந்தாலும் அமெரிக்க 'S'-ஐ விடப் பெரும்பாலும் இளக்கமாக இருக்கும். வேகமாக வீசுகிறவர் 95 கிராம் ஷாஃப்டை எடுத்தால் தலை முந்திக்கொண்டு திரும்பி, பந்து இடப்பக்கம் ஓடக்கூடும். 2021 மாஸ்டர்ஸ் பட்டத்தை ஜெயித்த ஹிடெகி மாட்சுயாமாவைப் பாருங்கள். டிரைவர் மட்டையில் ஜப்பானின் 'கிராஃபைட் டிசைன்' கார்பன். அயர்னில் கனத்த அமெரிக்க 'டைனமிக் கோல்டு'. ஊர்ப்பெருமை பார்க்காமல் கைக்கு ஏற்றதை எடுத்தார். முதலில் கனம், அடுத்து இறுக்கம், அப்புறம்தான் தலை: இந்த வரிசையில் தேர்ந்தெடுங்கள் என்பது என் சிபாரிசு.

எதை அடித்தும் கை தேறும் என்பதற்கு ஸ்பெயினின் செவெ பாய்யெஸ்டெரோஸ் சாட்சி. சின்ன வயசில் பழைய 3 அயர்ன் ஒன்றுடன் கடற்கரை மணலில் பழகியவர், ஐந்து மேஜர் பட்டங்கள் வாங்கினார். நம் நாட்டில் டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991-இல் இந்தியன் ஓபனை ஜெயித்தார், 1993-இல் மறுபடியும் ஜெயித்தார். பெங்களூரின் சின்னசாமி முனியப்பாவும் கேடியாகத் தொடங்கியவர்தான். 2009-இல் அதே கோப்பையைத் தூக்கினார். இவர்கள் கைக்குச் சரியான மட்டை வந்து சேர்ந்தது. சந்தில் கம்பியோடு நிற்கிற எல்லாருக்கும் அது வந்து சேர்வதில்லை.

பல இந்திய கிளப்களில் மைதானம் மூடியிருக்கும் திங்கட்கிழமையன்று கேடிகளை ஆட விடுவார்கள். ஆட நாள் இருக்கிறது, மட்டைதான் பஞ்சம். செம்பூரிலும் மாட்டுங்காவிலும் சென்னை அடையாறிலும் புது செட் வாங்கியவர்கள் வீட்டுப் பரணில் பழைய செட் தூங்குகிறது. அதை இறக்கி உங்களுக்குப் பை தூக்குகிறவரிடம் கொடுங்கள். கொடுக்கும் முன் அவர் ஒருமுறை வீசுவதைப் பாருங்கள். ஷாஃப்ட் அவர் வேகத்துக்குத் தாங்குமா என்று கேளுங்கள், பிடி தேய்ந்திருந்தால் புதிதாகப் போட்டுக் கொடுங்கள்.