மங்கும் படமும் மறையும் படமும்

அனலாக் அலை நலிந்தால் படம் மங்கும். டிஜிட்டல் அலை நலிந்தால் படம் மறையும். தரைவழித் தொலைக்காட்சியின் இரு முறைகளையும் வீட்டுக்குள் இருந்து பார்த்தவர் எவரும் முதலில் சொல்லும் வேறுபாடு இது. முன்னதில் புள்ளிகள் கூடிக்கொண்டே போகும்; கதை புரியும், முகம் தெரியும், பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். பின்னதில் குறையற்ற படம் ஒரு கணத்தில் கட்டம் கட்டமாகச் சிதறி உறைந்துவிடும். பொறுத்துக்கொள்ள எதுவும் மிஞ்சாது. இரண்டும் இயல்பிலேயே எதிரெதிரானவை என்ற எண்ணம் இதிலிருந்து எழுகிறது. அந்த எண்ணம் எவ்வளவு தூரம் செல்லும் என்று பார்க்கலாம்.

சிங்கப்பூரும் மலேசியாவும் இதற்கு நல்ல களம். நீரிணையின் இரு கரையிலும் டிவிபி-டி2 என்ற ஒரே டிஜிட்டல் முறை. சிங்கப்பூரில் அனலாக் 2019 ஜனவரித் தொடக்கத்தில் நின்றது. மலேசியாவில் அதே ஆண்டு ஜூலையில் லங்காவியில் தொடங்கி அக்டோபரில் சபா, சரவாக்குடன் முடிந்தது. இரு நாட்டிலும் தமிழ் நிகழ்ச்சிகள் கட்டணமின்றி வானலையில் வருகின்றன: சிங்கப்பூரில் வசந்தம், மலேசியாவில் ஆர்டிஎம்மின் டிவி2. ஒரு கரையின் அலை மறுகரை வீடுகளை எட்டுவதும் பழைய கதை. ஆகவே, 2019இன் பெரும்பகுதியில், ஒரு கரையில் அனலாக் ஓய்ந்திருக்க, மறுகரையில் இரண்டும் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன.

ஆன்டெனாவிலிருந்து தொடங்குவோம். டிஜிட்டல் ஆன்டெனா என்று கடையில் தனியாக விற்கப்பட்டாலும் அப்படி ஒரு பொருள் இல்லை. உலோகக் கம்பிக்கு அலைவரிசை மட்டுமே தெரியும். அதில் ஏறி வருவது அனலாக்கா, டிஜிட்டலா என்பது தெரியாது. முன்பு யுஎச்எஃப் வரிசையை நன்றாகப் பிடித்த கம்பி இப்போதும் பிடிக்கும். மாற வேண்டியிருந்தது வேறு காரணத்தால். சிங்கப்பூரின் ஐந்தாம், எட்டாம் ஒளிவழிகள் விஎச்எஃப் வரிசையின் 5, 8 ஆகிய இடங்களிலேயே ஒளிபரப்பாகி, அந்த இடங்களையே பெயராகவும் கொண்டிருந்தன. டிஜிட்டலில் அவை யுஎச்எஃப் வரிசைக்குக் குடிபெயர்ந்தன. எண் மட்டும் அடையாளமாக நிலைத்தது. விஎச்எஃப் மட்டும் பிடிக்கும் கம்பி வைத்திருந்த வீட்டில் இந்த இடமாற்றமே பழைய ஆன்டெனாவைப் பயனற்றதாக்கியது.

ஆன்டெனா ஒன்றே என்றாலும் அதைப் பொருத்தும் வேலை ஒன்றல்ல. அனலாக் காலத்தில் திரையே அளவுகோல். ஒரு விரற்கடை திருப்பினால் புள்ளி குறையும், மறுபடி திருப்பினால் கூடும். சரியான திசையில் போகிறோமா என்பதைப் படமே சொல்லிக்கொண்டிருந்தது. டிஜிட்டலில் திரை பேசாது. கோபுரத்தை நேராகப் பார்த்திருக்கும் வீட்டிலும், தேவைக்கு மேல் இம்மியளவே கிடைக்கும் வீட்டிலும் படம் ஒன்றே. இரண்டாவது வீட்டில், சன்னலோரச் சிறு ஆன்டெனாவுக்கு முன்னால் யாராவது நடந்து சென்றால்கூடக் காட்சி உடையலாம். அடுக்குமாடிகளில் பலருக்கு வாய்த்தது இந்தச் சன்னலோர ஆன்டெனாதான். அதை வைக்கும்போது படத்தை நம்பாமல், பெட்டியின் மெனுவில் உள்ள இரு பட்டைகளைப் பார்க்க வேண்டும். சிக்னல் வலிமை ஒன்று, சிக்னல் தரம் இன்னொன்று. வலிமை நிறைந்து தரம் குன்றுவதும் உண்டு. தரப்பட்டை போதுமான அளவை எட்டிய பிறகும் அங்கேயே நிறுத்திவிடாமல், அது மிகக் கூடுதலாக நிற்கும் இடத்தைத் தேடுவது நல்லது. இந்தப் பட்டைகளை மெனுவின் அடியாழத்தில் ஒளித்து வைக்கும் வடிவமைப்பு எனக்கு ஏற்புடையதல்ல. அனலாக் தானாகவே தந்த ஓர் அறிவை டிஜிட்டல் பெட்டி கேட்டால்தான் தருகிறது.

மங்கும் படத்தின் மதிப்பை நெடுந்தொலைவில் இருந்தவர்களே நன்கறிவர். 1982இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினியைத் தமிழகத்தின் தென்கரையில் உயரமான கம்பம் நட்டுப் பார்த்த தலைமுறை, புள்ளிகளுக்கு நடுவே பந்தைத் தேடிக் கிரிக்கெட் பார்த்தது. அத்தனை நலிந்த அலையைக் கொண்டு டிஜிட்டல் பெட்டியால் பெரும்பாலும் ஒரு காட்சியும் கட்ட முடியாது. ஓரத்தில் இருப்பவருக்கு அனலாக்கே இரக்கமுள்ளது என்பதில் ஐயமில்லை.

நகரின் நடுவில் கணக்கு தலைகீழாகிறது. எதிரொலியை எடுத்துக்கொள்வோம். அனலாக் படத்தில் ஒரு கோடு திரையைக் கடக்க 52 மைக்ரோநொடி ஆகும். எதிர்க் கட்டடத்தில் மோதி 600 மீட்டர் சுற்றி வரும் அலை 2 மைக்ரோநொடி பிந்தி வரும். அரை மீட்டர் அகலத் திரையில் அது ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் வலப்புறம் தள்ளி நிற்கும் நிழலுருவாகத் தெரியும். கட்டடம் பெருகப் பெருக நிழலும் பெருகும். டிவிபி-டி2 முறையோ தரவை ஒரே வேகமான ஓட்டமாக அனுப்பாமல், அதன் மிக விரிந்த அமைப்பில் 27,000க்கும் மேற்பட்ட மெதுவான ஓட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு குறியீடும் 3 மில்லிநொடிக்கு மேல் நீடிக்கிறது. அதன் முன்னால் ஒரு காப்பு இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளிக்குள் வந்து சேரும் எதிரொலி படத்தைக் கெடுப்பதில்லை; பல வேளைகளில் நேரலையோடு சேர்ந்து வலுவும் கூட்டுகிறது. ஒரு முறைக்குப் பகையான கட்டடச் சுவர் மறுமுறைக்குத் துணையாகிறது. சிங்கப்பூரில் டிஜிட்டல் தரைவழித் தொலைக்காட்சி 2001இலேயே ஓடும் பேருந்துகளுக்குள் காட்டப்பட்டதற்கு இந்தத் தாங்குதிறனே அடிப்படை. வீட்டுக் கூடத்துக்கு முன்பே அது பேருந்தில் ஏறிவிட்டது.

இதுவரை வேறுபாடுகள். இனி வருவது இருவரின் உறவுமுறை; என்னை மிகவும் மகிழ்வித்த பகுதியும் இதுவே.

படத்தைச் சுருக்கி அனுப்புவது டிஜிட்டலின் குணம் என்றும், அனலாக் உள்ளதை உள்ளபடி அனுப்பியது என்றும் நம்மில் பலர் கருதுகிறோம். உண்மையில் அனலாக்கும் சுருக்கியே அனுப்பியது. நொடிக்கு 50 முறை திரை துலங்க வேண்டும். முழுப் படத்தையும் 50 முறை அனுப்ப அலைவரிசையில் இடமில்லை. எனவே முதலில் ஒற்றைப்படைக் கோடுகள், அடுத்து இரட்டைப்படைக் கோடுகள் என்று பாதிப்பாதியாக அனுப்பி, மீதியை விழியின் நினைவில் விட்டார்கள். நிறத்திலும் இதே சிக்கனம். மனிதக் கண் ஒளியின் ஏற்றத்தாழ்வைக் கூர்ந்து பார்க்கும், நிறத்தின் எல்லையைப் பார்ப்பதில் கூர்மை குறைவு. அதனால் அனலாக் ஒளிச்செறிவுக்கு 5 மெகாஹெர்ட்ஸ் கொடுத்து, நிறத்துக்கு அதில் கால்பங்கு அளவே கொடுத்தது. இன்றைய டிஜிட்டல் ஒளிபரப்பு நான்கு ஒளிப்புள்ளிகளுக்கு ஒரு நிறப்புள்ளி என்று வைக்கிறது. கருவி மாறியது, கண்ணைப் பற்றிய அறிவு மாறவில்லை.

பிழை திருத்தத்தில் நெருக்கம் இன்னும் கூடுகிறது. இரு நாடுகளும் அனலாக் காலத்தில் பயன்படுத்திய பால் என்ற வண்ண முறை, ஜெர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவனத்தில் வால்டர் ப்ரூக் உருவாக்கியது. வழியில் அலை திரிந்தால் நிறம் திரியும் என்பது அதற்கு முந்தைய அமெரிக்க முறையின் தொல்லை. ப்ரூக்கின் முறையில் நிறச் செய்தியின் ஒரு பகுதி கோட்டுக்குக் கோடு எதிர்முகமாகத் திருப்பி அனுப்பப்பட்டது. ஒரு கோட்டில் பிழை பச்சைப் பக்கம் சாய்ந்தால் அடுத்த கோட்டில் எதிர்ப்பக்கம் சாயும். பெட்டி ஒரு கோட்டை 64 மைக்ரோநொடி பிடித்துவைத்து, அடுத்த கோட்டோடு கூட்டிச் சராசரி எடுக்கும். பிழைகள் ஒன்றையொன்று அழித்துவிடும். நிறம் சற்று வெளிறும், வேறு நிறமாகாது. பெறும் இடத்திலேயே பிழை தன்னைத் திருத்திக்கொள்ளும்படி அனுப்பும் இடத்தில் ஏற்பாடு செய்வது, டிஜிட்டல் பிழை திருத்தத்தின் அடிப்படை எண்ணமே அல்லவா?

டிவிபி-டி2 அந்த வேலைக்குப் பயன்படுத்துவது ராபர்ட் கேலகர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கண்ட குறியீட்டு முறையை. அக்காலக் கணினிகளால் தாங்க முடியாத கணக்கு என்பதால் அது முப்பது ஆண்டுகளுக்கு ஒதுக்கப்பட்டுக் கிடந்தது. 1990களில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. கேலகர் தம் முறையை நூலாக வெளியிட்ட ஆண்டு 1963. ப்ரூக் பால் முறையை ஹனோவரில் செய்துகாட்டியது 1963 ஜனவரியில். சிங்கப்பூரின் தொலைக்காட்சி தொடங்கியது 1963 பிப்ரவரியில். மலேசியாவினது 1963 டிசம்பரில். அனலாக்கின் மருந்தும் டிஜிட்டலின் மருந்தும் இவ்விரு நாடுகளின் முதல் ஒளிபரப்பும் ஒரே ஆண்டின் பிள்ளைகள். தலைமுறைகள் என்று நாம் நினைத்தவை உடன்பிறப்புகளாக இருக்கின்றன.

பழைய பெட்டியை நடத்திய விதத்தில் மட்டும் உடன்பிறப்புகள் பிரிந்துபோயின. சிங்கப்பூருக்கு 1974இலும் மலேசியாவுக்கு 1978இலும் வண்ணம் வந்தபோது கறுப்புவெள்ளைப் பெட்டிகள் தொடர்ந்து வேலை செய்தன. நிறச் செய்தி பழைய அலையின் இடுக்குகளில் செருகப்பட்டிருந்தது; அதை அறியாத பெட்டி அதைக் கண்டுகொள்ளாமல் படம் காட்டியது. டிஜிட்டல் அலையோ தனக்குரிய இடம் முழுவதையும் சீராக நிரப்புவது. பழைய பெட்டியை அந்த அலைவரிசைக்குத் திருப்பினால் புள்ளிக் கூட்டம் மட்டுமே தெரியும். ஆகவே இணக்கத்தின் விலையை அலை கொடுக்கவில்லை, யாராவது பணமாகக் கொடுக்க வேண்டியிருந்தது. சிங்கப்பூர் 2017 இறுதி என்று வைத்திருந்த கெடுவை ஓராண்டு தள்ளியது. கட்டணத் தொலைக்காட்சி இல்லாத, வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுக் குடிமக்களுக்கு 100 வெள்ளி பற்றுச்சீட்டு தந்தது. மலேசியா உதவித்தொகை பெறும் குடும்பங்களுக்கு டிஜிட்டல் பெட்டியையே இலவசமாக வழங்கியது. அமெரிக்காவும் வீட்டுக்கு இரண்டாக 40 டாலர் சீட்டுகள் கொடுத்தது, 2009 பிப்ரவரி 17 என்ற நாளை ஜூன் 12க்குத் தள்ளியது. இவை சலுகை அல்ல, கடமை என்பது என் எண்ணம். வீட்டில் இருந்த பெட்டி பழுதாகவில்லை. அதைப் பயனற்றதாக்கியது பொது முடிவு.

நேரத்திலும் ஒரு சிறு இழப்பு உண்டு. அனலாக் படம் கோபுரத்திலிருந்து வீட்டுக்கு ஒளியின் வேகத்தில் வந்தது. டிஜிட்டல் படம் சுருக்கவும் விரிக்கவும் சில நொடி எடுத்துக்கொள்கிறது. கோல் விழுந்ததை வானொலி முந்திச் சொல்லிவிடும்.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வரலாம். மங்குவதும் மறைவதும் இரண்டு முறைகளின் பிறவிக் குணங்களா? அனலாக் ஒளிபரப்புக்குள்ளேயே ஒரு மறுப்பு இருந்தது. ஸ்டீரியோ ஒலிக்காக அதில் சேர்க்கப்பட்ட நைகாம், முழுக்க டிஜிட்டல். படம் புள்ளி புள்ளியாக மங்கிக்கொண்டிருக்கும்போதே நைகாம் ஒலி ஓர் எல்லைக்குக் கீழே சட்டென்று அறுந்துபோகும். ஆனால் வீட்டில் அமைதி விழாது. பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்த பழைய எஃப்எம் ஒற்றை ஒலிக்குப் பெட்டி தானாகவே இறங்கிவிடும். கீழே ஒரு படி கட்டி வைத்திருந்ததால் அறுபட்டது கேட்பவருக்குத் தெரியவில்லை.

படத்துக்கும் அப்படி ஒரு படியை டிஜிட்டலில் கட்டலாம். ஜப்பானின் ஐஎஸ்டிபி-டி முறை ஓர் ஒளிவழியை 13 துண்டங்களாகப் பிரிக்கிறது. 12 துண்டங்களில் கூர்மையான படம் செல்லும். நடுவிலுள்ள ஒன்றில் அதே நிகழ்ச்சியின் சிறிய, உறுதியான படிவம் செல்லும். 2006 முதல் கைப்பேசிகளுக்காக அது ஒளிபரப்பாகிறது. ஜப்பானியக் கார்களில் உள்ள தொலைக்காட்சிகள் பெரிய படம் உடையும் இடத்தில் தாமாகவே இந்தச் சிறிய படத்துக்கு மாறி, அலை வலுத்ததும் மேலே ஏறிக்கொள்கின்றன. படம் கரடுமுரடாகும், ஆனால் கதை அறுபடாது. அனலாக் ஓரத்து வீடுகளுக்குத் தந்ததன் பெரும்பகுதி இது. டிவிபி-டி2 முறையிலும் வெவ்வேறு உறுதியுள்ள ஓட்டங்களை ஒரே அலையில் அனுப்ப வழி இருக்கிறது. ஓரத்து வீட்டுக்காக ஒன்றை ஒதுக்கினால் நடுநகரத்துக்கான ஒளிவழிகளில் சில குறையும். இலங்கை 2014இல் தேர்ந்தெடுத்தது ஜப்பானின் முறையை. அங்கே டிஜிட்டல் வரும்போது அந்த ஒற்றைத் துண்டத்தில் எதை, எந்த மொழியில் அனுப்புவார்கள் என்பதே கோபுரங்களிலிருந்து விலகியிருக்கும் வீடுகள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.