தீவக வீதிகளும் வெளிநாட்டுச் சாரதி அனுமதிப்பத்திரங்களும்

ஆனி மாதத்தில் நயினை நாகபூஷணி அம்பாளின் மகோற்சவம் நெருங்கும்போது பண்ணைப் பாலத்தில் வாகனங்கள் பெருகத் தொடங்கும். கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் தீவக மக்கள் கோடை விடுமுறையை ஒட்டி ஊர் திரும்புங் காலமும் அதுவே. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சகோதரர்களிலும், பின்னர் வளைகுடா நாடுகளில் பணியாற்றிவிட்டுச் சொந்த மண்ணைப் பார்க்க வருவோர் உளர். இவர்களுட் பலர் வாகனத்தைத் தாமே செலுத்த விரும்புவது இயல்பு. "அங்கே இருபது வருடம் ஓடியவனுக்கு இங்கே ஓட இயலாதா?" என்ற கேள்வியை நாம் அடிக்கடி கேட்கின்றோம். ஓடும் திறமை வேறு. ஓடுவதற்கான சட்ட உரிமை வேறு என்பதே அதற்கான பதில்.

வெளிநாட்டு அனுமதிப்பத்திரத்தைச் சட்டைப் பையில் வைத்திருப்பது மட்டும் இலங்கையில் போதுமானதன்று. வீதிப் போக்குவரத்துத் தொடர்பான 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையில் இலங்கை 1957இல் இணைந்தது. அதன்கீழ் வழங்கப்படும் சர்வதேச அனுமதிப்பத்திரம் ஓராண்டுக்கே செல்லும். மூல அனுமதிப்பத்திரத்தை வழங்கிய நாட்டிலேயே அதனைப் பெறவேண்டும். இரண்டையும் ஒருங்கே வைத்திருக்கவும் வேண்டும். கனடாவும் பிரித்தானியாவும் இவ்வுடன்படிக்கையில் உள்ளன. சுவிற்சர்லாந்தும் ஜேர்மனியும் 1968ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின்படியே பத்திரம் வழங்குகின்றன. இலங்கை அதில் இணையவில்லை. ஆகவே அந்நாடுகளிலிருந்து வருவோர் முற்கூட்டியே விசாரித்து அறிவது நன்று.

2025 ஓகஸ்டில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம், வெளிநாட்டவருக்குத் தற்காலிக அனுமதிப்பத்திரம் வழங்கும் கருமபீடம் ஒன்றைக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் திறந்தது. நிரந்தரமாக ஊர் திரும்புவோர் தமது வெளிநாட்டுப் பத்திரத்தை இலங்கைப் பத்திரமாக மாற்றிக்கொள்ளத் திணைக்களத்தை நாடவேண்டும். மருத்துவச் சான்றிதழும், ஆங்கிலத்தில் அமையாத பத்திரமாயின் அதன் மொழிபெயர்ப்பும் தேவைப்படும்.

இங்கிருந்து செல்லும் இளைஞருக்கும் இதே சிக்கல் உண்டு. பிரித்தானியாவில் குடியேறியவர் இலங்கைப் பத்திரத்துடன் 12 மாதங்கள் ஓடலாம். அதன்பின் பரீட்சையில் தேறியே ஆகவேண்டும். ஜேர்மனியில் இக்காலம் 6 மாதங்கள். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 60 நாட்கள் மட்டுமே. சுவிற்சர்லாந்தில் 12 மாதங்களுக்குள் பத்திரத்தை மாற்றவேண்டும். இலங்கையர் அதற்கெனக் கட்டுப்பாட்டு ஓட்டம் ஒன்றில் தேறவேண்டும். அதில் தவறினால் மறுவாய்ப்பு இல்லை. முறைப்படி பரீட்சைகளை எழுதியும் ஓடிக்காட்டியுமே புதிய பத்திரம் பெறவேண்டும்.

வாகன வகையும் கவனிக்கத்தக்கது. கார் ஓட்டப் பெற்ற அனுமதி மோட்டார் சைக்கிளுக்குச் செல்லாது. நெடுந்தீவிலும் நயினாதீவிலும் உறவினரின் மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கி ஓடுவோர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை. கடல் கடந்த சிறு தீவு என்பதனால் சட்டம் குறிகட்டுவான் இறங்குதுறையோடு நின்றுவிடுவதில்லை.

இதனை வெறும் தண்டப்பணப் பிரச்சினையாகக் கருதலாகாது. இலங்கையில் மூன்றாந் தரப்புக் காப்புறுதி கட்டாயமானது. எனினும் செல்லுபடியான அனுமதிப்பத்திரம் இன்றி ஓடியவர் விபத்தை ஏற்படுத்தினால், காப்புறுதி நிறுவனம் பொறுப்பேற்க மறுக்க இடமுண்டு. அப்போது பாதிக்கப்படுவது யார்? வேலணையிலோ புங்குடுதீவிலோ சைக்கிளில் பாடசாலை செல்லும் பிள்ளையும், இழப்பீடின்றித் தவிக்கும் அதன் குடும்பமுமே. வாகனத்தை நம்பிக் கொடுத்த உறவினரும் நீதிமன்றப் படியேற நேரிடலாம். வலப்புறம் ஓடிப் பழகிய கை, கால்நடைகள் குறுக்கிடும் ஒடுங்கிய வீதியில் ஒரு கணம் தடுமாறினாலே போதும்.

தற்காலிகப் பத்திரம் வழங்கும் வசதி பலாலி விமான நிலையத்திலும் யாழ்ப்பாண நகரிலும் அமைதல் வேண்டும் என்பது எமது கருத்து. தீவகத்தின் ஊர்ச் சங்கங்களும் ஆலய, பள்ளிவாசல் நிர்வாகங்களும் விழாக்கால அறிவித்தல்களில் இவ்விடயத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். விமானச் சீட்டை எடுக்கும் வேளையிலேயே அனுமதிப்பத்திரத்தையும் எண்ணிக்கொள்வது, ஊரைக் காண வருவோர் ஊருக்குச் செய்யும் முதல் மரியாதையாகும்.