ஒரே கிண்ணம்: செராம்பூர் சபையின் சரித்திரம்

ஜாதி ஒழிய வேண்டுமென்று மேடையில் முழங்குவது எளிது. பந்தியில் அமரும்போதும், பெண் கொடுக்கும்போதும், பாடை தூக்கும்போதுமே ஒருவனுடைய கொள்கையின் உரம் வெளிப்படும். இம்மூன்று சோதனைகளையும் இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே சந்தித்தது வங்காளத்துச் சிறு சபையொன்று. அதன் வரலாறு, எம்மதத்தினரும் அறியத்தக்கது.

கிழக்கிந்தியக் கம்பெனியார் தம் ஆட்சிப்பகுதியில் பாதிரிமாரை விரும்பவில்லை. ஆகவே ஆங்கில பாப்டிஸ்ட் மிஷனரிகள், கல்கத்தாவுக்கு அருகே ஹூக்ளி நதிக்கரையில் டேனிஷ்காரர் வசமிருந்த செராம்பூரில் தஞ்சம் புகுந்து, 1800-ஆம் வருஷம் சபையை நிறுவினர். அவர்களுள் வில்லியம் கேரி முன்னாளில் செருப்புத் தைத்தவர். வார்டு அச்சுத் தொழிலாளி. மார்ஷ்மன் பள்ளி ஆசிரியர். உயர்குலப் பெருமை பேச அவர்களுக்கு இடமில்லை.

அவ்வாண்டு தோள்மூட்டு நழுவி வருந்திய கிருஷ்ண பால் என்னும் தச்சருக்கு, மிஷனைச் சேர்ந்த வைத்தியர் தாமஸ் சிகிச்சை செய்தார். அந்தப் பழக்கம் நம்பிக்கையாக முதிர்ந்தது. டிசம்பர் 22-ஆம் தேதி, கிருஷ்ண பாலும் அவர் தோழர் கோகுலும் மிஷனரிகளோடு ஒரே மேஜையில் உணவருந்தினர். ஊர் கொதித்தது, கூட்டம் அவர்களை நீதிபதி முன் இழுத்துச் சென்றது. அவரோ குற்றமேதுமில்லையென விடுவித்தார். 28-ஆம் தேதி ஹூக்ளி நதியில் கிருஷ்ண பால் ஞானஸ்நானம் பெற்றார். அன்றே கேரியின் மகன் பீலிக்ஸும் அதே நீரில் மூழ்கி எழுந்தார்.

பின்னர் கிருஷ்ண பிரசாத் என்னும் பிராமண இளைஞர் சேர்ந்தார். திருவிருந்திலே சூத்திரரான தச்சர் பருகிய கிண்ணத்தை, அவருக்குப் பின் அப்பிராமணர் வாங்கிப் பருகினார். தோட்டத்துக் காரியாலயத்தில் பெயர்ப் பட்டியல் எழுதிப் பிழைக்கும் எனக்கு, யார் முன் யார் பின் என்பது மனிதரை எவ்வளவு வாட்டுமென்பது தெரியும். 1803-ஆம் வருஷம் அதே இளைஞர் தச்சரின் மகளை மணந்தார். மணவிருந்தில் வெள்ளையரும் வங்காளிகளும் ஒன்றாக உண்டனர்.

அவ்வாண்டிலேயே கோகுல் மரித்தார். அதுவரை பிரேதப்பெட்டியைக் கூலியாட்களே சுமப்பது வழக்கம். அன்றோ மார்ஷ்மனும், பீலிக்ஸும், பிராமணராய்ப் பிறந்த பைரவரும், முஸ்லிமாய்ப் பிறந்த பீருவும் தோள் கொடுத்தனர்.

நம் தமிழ்நாட்டின் நிலையென்ன? 1706-ல் தரங்கம்பாடியில் தொடங்கிய மிஷனின் வழிவந்த சபைகளில் ஜாதிவாரியான தனி இருக்கைகள் நெடுங்காலம் நீடித்தன. 1833-ல் கல்கத்தா பிஷப் வில்சன் ஜாதி வேற்றுமையை அறவே விடுமாறு கட்டளையிட்டபோது, தஞ்சையில் பலர் ஜாதியை விடாது சபையை விட்டனர்!

செராம்பூராரிடம் குறைகள் இல்லாமலில்லை. பிறர் சமயத்தைப் பழித்துரைத்த கடுமை அவர்களுக்கும் உண்டு. எனினும், முதற்பந்தியிலேயே வேற்றுமையை ஒழித்தது அவர்களது வலிமை. "மெல்ல மெல்ல மாறும்" என்று தள்ளிவைத்த இடங்களில், ஒரு நூற்றாண்டு கழிந்தும் இருக்கைகள் நகரவில்லை. சங்கமோ, கோயிலோ, வாசகசாலையோ தொடங்கும் நம்மவர், விதிமுறைகளை எழுதுமுன் முதல் விருந்தை ஒரே வரிசையில் நடத்துவார்களாக.