விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு சி டிரைவ் ஃபுல்லா? அழிக்கும் முன் 10 நாள் கணக்கைப் பாருங்க

ராத்திரி அப்டேட்டைப் போட்டுவிட்டுத் தூங்கியிருப்பீர்கள். காலையில் லேப்டாப்பைத் திறந்தால் விண்டோஸ் புதுசாக இருக்கிறது, ஆனால் சி டிரைவின் நீலக் கோடு சிவப்பாகிவிட்டது. நேற்று 40 ஜிபி காலியாக இருந்த இடத்தில் இன்று 15 ஜிபி. புதிதாக எந்த சாஃப்ட்வேரும் போடவில்லை, படமும் டவுன்லோடு செய்யவில்லை. அப்புறம் 25 ஜிபி எங்கே போச்சு?

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அதையொட்டி விண்டோஸ் 11-க்கு மாறிய பலருக்கு, குறிப்பாக 256 ஜிபி எஸ்எஸ்டி உள்ள லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு, இது பழகிய காட்சி. (256 என்று பெட்டியில் போட்டிருந்தாலும் விண்டோஸ் அதை 238 ஜிபி என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, தயாரிப்பாளர் 1000-ஆல் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1024-ஆல் கணக்கிடுகிறது.)

போன இடம் எங்கும் போகவில்லை. சி டிரைவுக்குள் 'விண்டோஸ்.ஓல்ட்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். உங்கள் பழைய விண்டோஸ் முழுவதும் அதற்குள்தான் உட்கார்ந்திருக்கிறது.

பழசை ஏன் வைத்திருக்கிறது?

மாதாமாதம் வரும் சாதாரண அப்டேட், இருக்கும் சிஸ்டத்தில் சில ஃபைல்களை மட்டும் மாற்றும். பெரிய அப்டேட் அப்படி இல்லை. அது புதிய விண்டோஸை முழுதாக இறக்கி, பழையதை ஒரு ஓரமாக நகர்த்தி, உங்கள் ஃபைல்களையும் ஆப்களையும் செட்டிங்ஸையும் புது இடத்துக்குக் கொண்டுவருகிறது. வீடு மாறியபின் பழைய வீட்டுச் சாவியைக் கொஞ்ச நாள் கையில் வைத்திருப்பது போலத்தான். புது வீட்டில் தண்ணி வரலைன்னா திரும்பிப் போகலாம்.

அந்தச் சாவி 10 நாட்களுக்குத்தான் செல்லும். அதற்குள் செட்டிங்ஸில் சிஸ்டம், ரெக்கவரி என்று போனால் 'கோ பேக்' பட்டன் இருக்கும். அழுத்தினால் பழைய விண்டோஸுக்கே திரும்பிவிடலாம். சொந்த ஃபைல்கள் அப்படியே இருக்கும். அப்டேட்டுக்குப் பிறகு போட்ட ஆப்களும் மாற்றிய செட்டிங்ஸும் போய்விடும். 10 நாள் கடந்ததும் விண்டோஸே அந்த ஃபோல்டரை அழித்துவிடும். அதாவது, நீங்கள் ஒன்றுமே செய்யாமல் இருந்தாலும் இந்தப் பிரச்சினையின் பெரும்பகுதி தானாகத் தீர்ந்துவிடும்.

எல்லாப் பெரிய அப்டேட்டும் இவ்வளவு இடம் பிடிக்காது. விண்டோஸ் 11-இன் 23எச்2-இலிருந்து 24எச்2-க்கு வந்தவர்களுக்கு முழு சிஸ்டமும் மாறியது. 24எச்2-இலிருந்து 25எச்2-க்குப் போவது ஏற்கெனவே உள்ளே இருக்கும் வசதிகளைத் திறந்துவிடும் ஒரு சின்ன பேக்கேஜ்தான், அதில் விண்டோஸ்.ஓல்ட் உருவாகாது.

இப்பவே அழிக்கலாமா?

அழிக்கலாம். ஆனால் அழித்த அந்த நொடியில் 'கோ பேக்' வசதியும் போய்விடும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, எவ்வளவு இடம் கிடைக்கும் என்பதல்ல. புது விண்டோஸில் உங்கள் வேலை முழுக்க ஓடுகிறதா என்பதுதான்.

பிரவுசரும் வேர்டும் திறந்தால் எல்லாம் சரி என்று நினைத்துவிடுவோம். சிக்கல் வருவது தினமும் தொடாத பொருட்களில். ஜிஎஸ்டி ரிட்டர்னுக்குக் கையெழுத்துப் போடும் டிஜிட்டல் சிக்னேச்சர் யூஎஸ்பி டோக்கன், ஆபீஸ் விபிஎன், ஐந்தாறு வருடப் பழைய பிரின்டர், கைரேகைக் கருவி, கணக்கு சாஃப்ட்வேர். இவை ஒவ்வொன்றும் தனக்கான டிரைவரை நம்பி ஓடுபவை. மாதத்தில் ஒரே ஒரு நாள் எடுக்கும் டோக்கன், விண்டோஸ்.ஓல்டை அழித்த மறுநாள் வேலை செய்யவில்லை என்றால், அதுவும் ரிட்டர்னுக்குக் கடைசி நாளாக இருந்தால், திரும்பிப் போக வழியில்லை. அப்டேட் போட்ட அன்றே இவற்றையெல்லாம் ஒருமுறை செருகிப் பார்த்துவிடுங்கள். அரை மணி நேர வேலை.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களைத் திறந்து உங்கள் ஃபைல்கள் இருக்கின்றனவா என்று கண்ணால் உறுதி செய்யுங்கள். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட், சிலருடைய டாக்குமென்ட்ஸையும் படங்களையும் அழித்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் அந்த அப்டேட்டையே நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. அரிதான விஷயம்தான், ஆனால் நடந்திருக்கிறது. ஏதாவது காணவில்லை என்றால் விண்டோஸ்.ஓல்டுக்குள் 'யூசர்ஸ்' ஃபோல்டரில் உங்கள் பெயரைத் திறந்து தேடுங்கள். கிடைத்தால் காப்பி செய்துகொள்ளுங்கள். அந்த ஃபோல்டர் போய்விட்டால் தேட இடமே இல்லை. ரெக்கவரி சாஃப்ட்வேர் காப்பாற்றும் என்று நம்பிவிட வேண்டாம்: அழித்த ஃபைல்களின் இடத்தை எஸ்எஸ்டி உடனுக்குடன் துடைத்துவிடும் என்பதால், பழைய ஹார்ட் டிஸ்க்கில் பலித்த அந்த வித்தை இதில் பெரும்பாலும் பலிக்காது.

எப்படி அழிப்பது?

எக்ஸ்ப்ளோரரில் விண்டோஸ்.ஓல்டை ரைட் கிளிக் செய்து டெலீட் கொடுத்தால் 'அனுமதி இல்லை' என்று அடம்பிடிக்கும். சரியான வழி: செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ். கொஞ்ச நேரம் ஸ்கேன் ஆனபின் ஒரு பட்டியல் வரும். அதில் 'ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்' என்பதுதான் விண்டோஸ்.ஓல்ட். பல லேப்டாப்களில் 10 முதல் 30 ஜிபி வரை இருக்கும். டிக் செய்து ரிமூவ் கொடுங்கள். இது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நேராகப் போய்விடும்.

அதே பட்டியலில் விண்டோஸ் அப்டேட் கிளீனப், டெலிவரி ஆப்டிமைசேஷன் ஃபைல்ஸ், தம்ப்நெயில்ஸ் போன்றவற்றைத் தாராளமாக டிக் செய்யலாம். எச்சரிக்கை ஒன்றே ஒன்றுக்குத்தான்: 'டவுன்லோட்ஸ்'. டெம்பரரி என்ற தலைப்பின் கீழேயே இதுவும் வந்து நிற்கும். நம்மில் பலருக்கு டவுன்லோட்ஸ்தான் பீரோ! ஆஃபர் லெட்டர், சம்பளச் சீட்டு, படிவம் 16, பாஸ்போர்ட் ஸ்கேன் எல்லாம் அங்கேதான் கிடக்கும். விண்டோஸ் அதைத் தானாக டிக் செய்வதில்லை. நாம்தான் வேகத்தில் எல்லாவற்றையும் டிக் செய்துகொண்டே போவோம். டெம்பரரி ஃபைல் பட்டியலில் ஏன் ஒருவருடைய சொந்த ஃபோல்டரைச் சேர்த்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

24எச்2 வந்த புதிதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. அப்டேட் கிளீனப்பில் 8.63 ஜிபி என்று காட்டியது. எத்தனை முறை அழித்தாலும் அப்படியே நின்றது. அது கணக்குக் காட்டுவதில் வந்த பிழை, உண்மையில் இடம் அடைபடவில்லை என்று மைக்ரோசாஃப்ட் பின்னர் விளக்கியது. அழித்தபின்பும் எண் மாறவில்லை என்றால், சி டிரைவில் காலியிடம் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கணக்கைத்தான் நம்ப வேண்டும்.

இன்னும் பத்தலையா?

இதற்குப் பிறகும் இடம் வேண்டுமென்றால் ஒன்டிரைவைப் பாருங்கள், ஏனென்றால் அதிகம் பேர் தவறு செய்யும் இடம் அதுதான். ஒன்டிரைவ் ஃபோல்டரில் இருக்கும் ஃபைலை டெலீட் செய்தால் அது கிளவுடிலிருந்தும் போய்விடும், உங்கள் மற்ற கருவிகளிலிருந்தும் போய்விடும். நீங்கள் செய்ய வேண்டியது ரைட் கிளிக் செய்து 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்'. அப்போது பச்சை டிக் மாறி மேகச் சின்னம் வரும். ஃபைல் கிளவுடில் இருக்கும், லேப்டாப்பில் இடம் பிடிக்காது, திறக்கும்போது இன்டர்நெட் வேண்டும். தெரியாமல் டெலீட் செய்துவிட்டால், தனிநபர் கணக்கில் 30 நாட்களுக்குள் ஒன்டிரைவ் இணையதளத்தின் ரீசைக்கிள் பின்னிலிருந்து மீட்கலாம்.

ஹைபர்னேட் வசதிக்காக விண்டோஸ் ஒதுக்கும் ஃபைல், வழக்கமாக ரேமில் 40 சதவீத அளவு இருக்கும். 16 ஜிபி ரேம் என்றால் 6 ஜிபிக்கு மேல். அதை நிறுத்தினால் இடம் கிடைக்கும், ஆனால் லேப்டாப் சீக்கிரம் ஆன் ஆக உதவும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் நின்றுவிடும். பேட்டரியில் ஓடிக்கொண்டே ஊர் சுற்றுபவர்கள் இதைத் தொடாமல் விடுவதே நல்லது. ஜூம் மீட்டிங்குகளை லேப்டாப்பிலேயே ரெக்கார்ட் செய்பவர்கள், டாக்குமென்ட்ஸுக்குள் இருக்கும் ஜூம் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். ஒரு வருட மீட்டிங்குகள் அங்கே தூங்கிக்கொண்டிருக்கலாம்.

தொடவே கூடாத ஒன்றும் உண்டு. விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'வின்எஸ்எக்ஸ்எஸ்' என்று ஒரு பெரிய ஃபோல்டர் இருக்கும். இதை அழித்தால் இடம் கிடைக்கும் என்று வீடியோ போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்காதீங்க. விண்டோஸின் உதிரி பாகங்கள் அங்கேதான் இருக்கின்றன. கையால் அழித்தால் அடுத்த அப்டேட் ஏறாது, லேப்டாப்பே ஆன் ஆகாமலும் போகலாம். ஒரே ஃபைல் இரண்டு இடங்களில் இருப்பதாகக் கணக்கில் வருவதால், எக்ஸ்ப்ளோரர் காட்டும் அளவுக்கு அது உண்மையில் பெரிதும் இல்லை. 'ஒரே கிளிக்கில் கிளீன்' என்று விற்கும் ஆப்களும் தேவையில்லை. செய்ய வேண்டியதெல்லாம் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது.

ஆபீஸ் லேப்டாப் என்றால்? கை வைக்கும் முன் ஐடி டீமுக்கு ஒரு மெயில் போட்டுவிடுங்கள். பல நிறுவனங்களில் இந்த செட்டிங்ஸ் பூட்டியே இருக்கும். திறந்திருந்தாலும், அப்டேட்டில் கோளாறு வந்தால் திரும்பிப் போவதா வேண்டாமா என்பதை முடிவு செய்ய வேண்டியது அவர்கள்தான். அந்த 10 நாளை நீங்கள் அழித்துவிட்டால் அவர்களிடமும் வேறு குறுக்குவழி இருக்காது; எல்லாவற்றையும் புதிதாக இன்ஸ்டால் செய்து தருவார்கள், அன்றைய உங்கள் வேலை நாள் அதிலேயே போய்விடும்.